உதவும் உள்ளமும் ஊரார் கண்ணும்

1801-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. மதில் பிளந்தபின் உள்ளே இருந்த வீரர்கள் வெளியேறிக் கரிசல் காட்டு வழியே விரைந்தனர். ஆங்கிலேயரின் குதிரைப்படை தொடர்ந்து சென்று அவர்களை வெட்டி வீழ்த்தியது. ஆரவாரம் அடங்கியபின், அருகிலிருந்த சிற்றூர்ப் பெண்கள் சிலர், உயிரோடு எவரேனும் கிடக்கின்றனரா என்று தேடிக்கொண்டு அந்தப் பிணக்காட்டுக்கு வந்தனர். அவர்களுள் ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். அவனுக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. தன்னை விட்டுவிட்டு, அருகில் அடிபட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு அவன் தாயை வேண்டினான். பெற்ற மகனைக் களத்தில் விட்டுவிட்டு, மற்றப் பெண்களின் துணையோடு, குருதி வெள்ளத்தில் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள் அந்தத் தாய். வீட்டில் கிடத்திக் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், எட்டயபுரத்துப் படைவீரர்கள் தேடி வரும் கூச்சல் கேட்டது. பெண்கள் சட்டென்று ஊமைத்துரையின்மீது துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தனர். என்னவென்று வந்தவர்கள் கேட்க, பெரியம்மை கண்டு ஒரு பிள்ளை இப்போதுதான் இறந்தான் என்றனர். கேட்டவர்கள் திரும்பிப் பாராமல் ஓடிப்போயினர்.

நேயர்களே, இதனை நம்மவர் எவரும் பெருமைக்காகப் புனைந்து சொல்லவில்லை. கோட்டையைத் தாக்கிய படையிலேயே அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயர், 1830-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதனை எழுதி வைத்திருக்கிறார். ஊமைத்துரை, வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. வைக்கோல் துண்டுகளை உள்ளங்கையில் அடுக்கி, இவர்களே வெள்ளையர் என்று குறிப்புக் காட்டி, வாயால் சீறொலி எழுப்பியபடி மறுகையால் தட்டிவிடுவாராம். அந்தச் சைகையையும் வெல்ஷ் மறவாமல் குறித்திருக்கிறார். பகைவனாலும் வியக்கப்பட்ட மனிதர் அவர். ஆனால் இன்று நான் பேச விரும்புவது அவரைப் பற்றியன்று. அந்தத் தாயைப் பற்றியும், அவள் வீட்டு வாசல் வரையில் வந்து திரும்பி ஓடிய எட்டயபுரத்தாரைப் பற்றியுமே பேச விரும்புகிறேன்.

உறவு உள்ள இடத்தில் உதவி பிறக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உறவு என்று பார்த்தால், பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் கம்பளத்து நாயக்கர் மரபினரின் பாளையங்களே. இரு சாராரும் வீட்டில் பேசியது தெலுங்கு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் ஒரு பகல் நடை. ஆயினும் எல்லைத் தகராறும் ஆட்சிப் போட்டியும் அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. கும்பினியார் வந்ததும் அந்தப் பிளவு பெரும் பள்ளமாயிற்று. மறுபுறத்தில் பாருங்கள். 1799-ஆம் ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் தப்பி வந்தார். மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடித்துத் தள்ளப்பட்டிருந்த மண்கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. அத்தனையும் ஒரு வாரத்துக்கு உள்ளாகவே நடந்த வேலை! ஒரு குலத்தார் மட்டும் மண் சுமந்திருந்தால் இது நடந்திருக்குமா? கரிசல் நாட்டு மக்களின் கதைப்பாடல்கள், கட்டபொம்மனுக்காக உயிர் நீத்தவர்களாக நாயக்கரை மட்டும் சொல்லவில்லை. வெள்ளையத் தேவனைச் சொல்கின்றன, தானாபதிப் பிள்ளையைச் சொல்கின்றன, சுந்தரலிங்கத்தைச் சொல்கின்றன. பல மொழியும் பல குலமும் ஒரே மண்ணைச் சுமந்தன.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, அது தலைவனின் ஆணைக்கு அஞ்சிச் செய்த வேலையாக இருக்கலாமே என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கோட்டை வீழ்ந்தபின், ஆணையிட ஆளில்லாத அந்த மாலை வேளையில், ஒரு குடிசைக்குள் நடந்ததற்கு எந்த ஆணை காரணம்? அகப்பட்டிருந்தால் அந்தப் பெண்களின் உயிரும் தப்பியிராது.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலுள்ள கவர்னகிரியில் பிறந்தவர் என்று மக்கள் போற்றும் சுந்தரலிங்கத்தின் பெயர், 1997-ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டப்பட்டது. அவர் தேவேந்திர குலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் நாங்கள் ஏறுவதா என்று சிலர் கிளம்பினர். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. இறுதியில், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அவ்வாண்டிலேயே அரசு நீக்கிவிட்டது. 1799-இல் ஒரு கோட்டைக்குள் ஒன்றாய் நின்றவர்களின் வழிவந்தோர், இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஒரு பேருந்துக்குள் ஒன்றாய் உட்கார முடியவில்லை. மண் மாறவில்லை, மக்களும் புதியவர்கள் அல்லர். அப்படியானால் மாறியது எது?

இந்தக் கேள்வி என்னைச் சிறு வயதிலேயே பிடித்துக்கொண்டது. அதற்கு எங்கள் ஊர் ஊருணி காரணம்.

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூர் எங்கள் ஊர். கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, கன்றுக்குட்டியின் கால் உள்ளே போய்விடும். கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்பு நீர். குடிப்பதற்கு மழை நீரைத் தேக்கி வைத்த ஊருணி ஒன்றே கதி. ஆகவே ஊருணிக்கு எங்கள் ஊரில் கோயிலுக்கு உரிய மரியாதை உண்டு. செருப்போடு கரையேறக் கூடாது, குளிக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. கோடையில் நீர் வற்றும்போது தூர் எடுப்பார்கள். தமுக்கு அடித்துச் சொல்லியாயிற்று என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடும் கடகத்தோடும் வந்தாக வேண்டும். வராத வீட்டுக்குத் தெண்டம். தெலுங்கு பேசும் நாங்களும், தமிழ் பேசும் மறவரும், ஆசாரியும், நாவிதரும், கிழக்குத் தெருவில் வாழ்ந்த தேவேந்திர குலத்தாரும் வரிசையாக நின்று மண்ணைக் கை மாற்றிவிடுவார்கள். அந்த வரிசையைக் காணும் வெளியூரார், இதுவன்றோ ஒற்றுமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

போனவர்கள் மாலையில் திரும்பி வந்து பார்த்திருக்க வேண்டும். தூர் எடுக்க எல்லாக் கைகளும் வேண்டியிருந்தன. நீர் எடுக்க எல்லாக் கைகளுக்கும் இடமில்லை. கிழக்குத் தெருப் பெண்கள் கரைக்குக் கீழே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். யாராவது மனம் இரங்கி மேலிருந்து ஊற்றினால் உண்டு. என் அவ்வா நாள்தோறும் பத்துக் குடமாவது ஊற்றுவார். அதைப் பெரிய தருமமாகவும் எண்ணியிருந்தார். எனக்கும் அவ்வாவைப் பற்றிப் பெருமையாகவே இருந்தது. கிணறும் குளமும் நீராடு துறையும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. அந்தச் செய்தி எங்கள் ஊருணிக் கரை வரையில் வந்து சேரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த ஆண்டில் மழை பொய்த்தது. மாசியிலேயே ஊருணி வறண்டு, நடுவில் சேறும் காய்ந்துவிட்டது. மூன்று கல் தொலைவு வண்டி கட்டிப்போய் நீர் கொண்டுவந்தார்கள். ஊருணிக்குள் ஊற்றுத் தோண்டினால் நீர் வரும் என்றார்கள். ஆனால் எந்த இடத்தில் தோண்டுவது? நாலைந்து இடங்களில் தோண்டியும் காய்ந்த களிமண்ணே வந்தது. ஊற்றுக்கண் பார்க்கத் தெரிந்தவர் கிழக்குத் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். எங்கள் தெருச் சிறுவர்கள்கூட அவரை 'வா, போ' என்று பேசுவார்கள். அவரோ சிறுவர்களையும் 'சாமி' என்பார். அவரை அழைத்து வரச் சொன்னார்கள். வந்தார். ஊருணிக்குள் இறங்கி இரண்டு முறை சுற்றி நடந்தார். மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கரையேறி வந்து, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"இடம் தெரியுது சாமி. தோண்டுறதுக்கு எங்க தெரு ஆளுக அத்தனை பேரும் வருவாக. தண்ணி வந்தா எங்க குடமும் இதுக்குள்ள இறங்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது. மூன்று நாள் ஊரில் பேச்சு இதுவே. நான்காம் நாள், என் தந்தையாரும் ஊர்ப் பெரியவர்கள் நால்வரும் கூடி, சரி என்று சொல்லியனுப்பினார்கள். முதியவர் காட்டிய இடத்தில் இரண்டு ஆள் மட்டம் தோண்டியதும் நீர் சுரந்தது. அந்தக் கோடை முழுவதும் எல்லாத் தெருக் குடங்களும் அந்த ஒரே ஊற்றில் இறங்கின. இரவில் ஊறும் நீரைக் காலையில் பங்கிடுவதற்கு முறை வைத்தார்கள். முறை பார்க்கும் பொறுப்பில் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் கிழக்குத் தெருவிலிருந்து ஒருவரும் இருந்தனர். ஒரு குடம்கூடத் திருட்டுப் போகவில்லை. ஒரு சச்சரவும் இல்லை. என் அவ்வாவும் கிழக்குத் தெருப் பெண் ஒருத்தியும் ஊற்றின் ஓரத்தில் குந்தியிருந்து, பிள்ளைப்பேற்றைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஊருணி நிறைந்தது. ஊற்று அந்த நீருக்கடியில் மறைந்துபோயிற்று. அதனோடு அந்த ஏற்பாடும் மறைந்தது. எவரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. எவரும் போகச் சொல்லி விரட்டவுமில்லை. ஒரு நாள் காலையில் யாரோ ஒருவர் முகத்தைச் சுளித்தார்; அடுத்த நாள் கிழக்குத் தெருக் குடங்கள் மறுபடியும் கரைக்குக் கீழே வரிசையாக இருந்தன. என் அவ்வா மறுபடியும் குனிந்து நீர் ஊற்றினார். முதியவர் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1954-ஆம் ஆண்டு கோடையில் முசாபர் ஷெரீப் என்ற அறிஞர், அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில், பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை ஒரு காட்டு முகாமுக்கு அழைத்துச் சென்றார். எல்லோரும் ஒரே நிறம், ஒரே சமயம், ஒத்த நிலையிலுள்ள குடும்பங்கள். அவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு தனக்குப் பாம்பின் பெயரையும், மற்றது கழுகின் பெயரையும் வைத்துக்கொண்டன. போட்டிகள் தொடங்கிய சில நாட்களிலேயே ஒருவர் கொடியை ஒருவர் எரிப்பதும், குடிலுக்குள் புகுந்து சூறையாடுவதுமாக ஆயிற்று. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் உண்டாவதற்குத் தலைமுறைகள் வேண்டியதில்லை. சில நாட்கள் போதும்! பிறகு முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோகும்படி ஷெரீப் செய்தார். சிறுவர்கள் இரு குழுவாரும் சேர்ந்து நீர்த்தொட்டியின் அடைப்பைக் கண்டுபிடித்து நீக்கினர். வரிசையில் ஒருவரையொருவர் முந்தாமல் நின்று நீர் பருகினர். அன்று மாலையே பழைய ஏச்சும் பேச்சும் திரும்பிவிட்டன.

எங்கள் ஊர் ஊற்றின் கதை ஓக்லஹாமாவில் நடந்திருக்கிறது. ஆனால் அங்கே கதை அதோடு நிற்கவில்லை. ஷெரீப் ஒரு தேவையோடு விட்டுவிடாமல், அடுத்தடுத்துப் பல தேவைகளை உண்டாக்கினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தாலன்றி நகராத ஒரு வண்டி; எல்லோரும் காசு போட்டாலன்றிப் பார்க்க முடியாத ஒரு திரைப்படம். முகாம் முடிந்து வீடு திரும்பும் நாளில் சிறுவர்கள் தாங்களாகவே ஒரே பேருந்தில் போக விரும்பினர். பேருந்து என்றதும் எனக்கு 1997-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது, நேயர்களுக்கும் வந்திருக்கும்.

கென்யா நாட்டில் ஓர்மா என்னும் மாடு மேய்க்கும் மக்களிடம் வேறோர் ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சியாளர் ஒரு விளையாட்டை விளக்கினார். ஒவ்வொருவரும் தம் காசில் எவ்வளவு வேண்டுமாயினும் பொதுப் பெட்டியில் போடலாம். சேர்ந்த தொகையைப் பெருக்கி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவார்கள். போடாதவருக்கும் பங்கு உண்டு. தன்னலக்காரன் போடாமல் இருந்துவிடலாம் அன்றோ? ஆனால் கேட்ட மாத்திரத்தில் அந்த மக்கள் இதற்கு ஹராம்பே என்று பெயர் சொல்லிவிட்டனர். பள்ளிக்கூடம் போன்ற பொதுக் காரியங்களுக்கு ஊரார் தங்களால் இயன்றதைத் தரும் வழக்கத்துக்கு அந்நாட்டில் அதுதான் பெயர். பெயர் தெரிந்துவிட்டது, கை தாராளமாகத் திறந்தது. முன்பின் அறியாத ஒரு காரியத்துக்கு, தெரிந்த ஒரு வழக்கத்தின் பெயரைச் சூட்டியதும், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும், மற்றவர் தம்மிடம் எதை எதிர்பார்க்கின்றனர் என்பதும் உடனே விளங்கிவிட்டன. நாமும் அப்படித்தான். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் எழுந்து வர எவருக்காவது கால் வருமா? அதே மனிதரிடம் தெருவிளக்குக்கு நன்கொடை கேட்டுப் பாருங்கள்; பையில் சில்லறை இல்லை என்பார்.

இந்த இடத்தில் எட்டயபுரத்துக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். துரத்தி வந்த படைவீரர்களின் ஊராக மட்டும் அதைச் சொல்லிவிட்டுப் போவது முறையன்று. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்ட ஊர், பாரதியார் பிறந்த அந்த எட்டயபுரமே. தொடக்கத்தில் அது ஊராரின் கொடையையும் நம்பி எழுந்த திட்டம். எங்கள் பள்ளிக்கும் அது வந்தது. வீட்டுக்கு ஒரு பிடி தானியம் என்று தெருத்தெருவாக வாங்கினார்கள். கிழக்குத் தெருவிலும் வாங்கினார்கள். பானையில் விழுந்தபின் எந்தத் தெருக் கம்பு, எந்தத் தெருச் சோளம் என்று பிரித்தறிய எவராலும் முடியவில்லை. பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்டோம். ஊருணியில் முடியாதது பள்ளித் தாழ்வாரத்தில் முடிந்தது. காரணம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தோன்றுவது இது: ஊருணிக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது, பள்ளித் தாழ்வாரத்துக்கு வழக்கம் என்று ஒன்றும் அதுவரையில் இல்லை. வாத்தியார் போட்ட வரிசையே அங்கே வழக்கமாயிற்று.

ஆனால் அந்த வரிசையும் ஒருமுறை போட்டுவிட்டால் அழியாமல் நிற்கும் கோலம் அன்று. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அதே எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், அரசின் காலை உணவைச் சமைத்தவர் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் என்பதற்காக, பிள்ளைகள் சிலர் அதை உண்ணாதபடி பெற்றோர் தடுத்தனர் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. தொகுதியின் மக்களவை உறுப்பினரும் அதிகாரிகளும் சென்று, அந்தப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். பிள்ளைகளும் உண்டனர்.

மூன்று மாதம் சென்றது. அதே தூத்துக்குடி மாவட்டம். டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கரிசல் காட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் அரித்துப் போய்விட்டது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். சுற்றிலும் வெள்ளம். அருகிலிருந்த புதுக்குடி ஊரார், தங்கள் வீடுகளையே வெள்ளம் சூழ்ந்திருந்த அந்த நிலையில், தங்களிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் கோயிலில் சமைத்து, மீட்புப் படையினர் வந்து சேரும்வரை அந்தப் பயணிகளின் பசி ஆற்றினர். உண்டவர் எவர், எந்த ஊர், எந்தக் குலம் என்று ஊட்டியவர் கேட்கவில்லை. ஊட்டியவர் எந்தக் குலம் என்று உண்டவரும் கேட்கவில்லை.

உசிலம்பட்டியார் தீயவர், புதுக்குடியார் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளம் உசிலம்பட்டியைச் சூழ்ந்து ரயில் அங்கே நின்றிருந்தால், அவர்களும் உலை வைத்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெள்ளத்தில் வந்து நின்றவன் விருந்தாளி. அவனுக்குச் சோறிடுவதை ஊர் எதிர்பார்க்கிறது. இடாவிட்டால் ஊர் பழிக்கும். பள்ளிக்கூடத்துத் தட்டோ நாள்தோறும் வருவது. அங்கே உண்ணுவதைத்தான் ஊர் பழிக்கும் என்று பெற்றோர் அஞ்சினர். இரண்டிடத்திலும் ஒருவர் கை நீளுவதும் மடங்குவதும், அவர் நெஞ்சின் ஈரத்தைக் காட்டிலும், சுற்றியிருக்கும் கண்களையே மிகுதியாகப் பொறுத்திருந்தது. பிறர் கண் என்ன சொல்லும் என்பதை ஒவ்வொருவரும் தாமாகவே ஊகித்துக்கொள்கிறார். அந்த ஊகம் சரியா என்று எவரும் வாய் திறந்து கேட்பதில்லை. அதிகாரிகள் தரையில் அமர்ந்து உண்டபோது பிள்ளைகளின் மனம் திடீரென்று விரிந்துவிட்டதாக நான் நம்பவில்லை. பார்க்கும் கண்கள் மாறின, அவ்வளவே. அந்த அதிகாரிகள் கார் ஏறிப் போனபின் மறுநாள் காலையும், அதற்கு மறுநாள் காலையும் அந்தத் தட்டுகள் என்னவாயின என்பதே அங்குள்ள உண்மையான கேள்வி.

கிழக்குத் தெருக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்டால் சிரிக்கக்கூடும். உங்கள் அவ்வா ஊற்றிய நீரை உதவி என்கிறீர்களே, எங்கள் கையும் சேர்ந்து தூர் எடுத்த குளத்தின் நீரை எங்களுக்கு ஊற்றுவது எப்படி உதவியாகும் என்று அவர் கேட்பார். கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஊற்று தோண்டிய கோடையில்தான் அந்தத் தண்ணீர் தருமம் என்ற பெயரை இழந்து பங்கு என்ற பெயரைப் பெற்றது. மழை பெய்ததும் மறுபடியும் தருமம் ஆகிவிட்டது. இன்று அந்தச் சண்டைக்கும் இடமில்லை. தெருவுக்குத் தெரு குழாய் வந்துவிட்டது. கிழக்குத் தெருவுக்கும் வந்தது, அது நல்லதே. ஊருணியைத் தூர் எடுக்க இப்போது எவரும் தமுக்கு அடிப்பதில்லை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

1997-ஆம் ஆண்டில், அந்தக் கலவர நாட்களில், என் தந்தையாருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கண் மங்கிவிட்டதால் செய்தித்தாளை நான்தான் படித்துக் காட்டுவேன். பேருந்துச் செய்தியைப் படித்து முடித்தபின், நாற்பது ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்று கேட்டேன்.

"நைனா, அந்த வருஷம் மழை பெய்தபிறகு ஊருணியில் பழைய வழக்கம் திரும்பியபோது நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லையப்பா, அவர்கள் இறங்கி எடுத்தால். மேல வீட்டு மாமா ஒப்புக்கொள்ள மாட்டாரே என்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

மேல வீட்டு மாமாவும் அப்போது உயிரோடு இருந்தார். ஊற்றுக்குச் சம்மதம் சொன்ன ஐவருள் மிஞ்சியவர்கள் அவர்கள் இருவரே. அந்த வாரமே போய், பொதுவாகப் பேசுவதுபோல் பேச்சைக் கொடுத்து அவரையும் கேட்டேன். "எனக்கென்னடா மாப்பிள்ளை? எடுத்தால் எடுத்துவிட்டுப் போகிறார்கள். உன் அப்பனுக்குப் பிடிக்காதே என்றுதான் நான் வாய் திறக்கவில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் அதை அப்படியே சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைக்கச் சொன்னார். வெகு நேரம் கழித்து, ஊற்றுக்கண் பார்த்த அந்த முதியவரின் குடும்பத்தார் எங்கே என்று விசாரித்தார். பேரன் ஒருவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையாக இருப்பதையும், பொங்கலுக்கு ஊருக்கு வருவதையும் சொன்னேன்.

"வந்தால் நம் வீட்டுக்கு ஒரு நடை வரச் சொல்" என்றார்.

"வந்தால் எங்கே உட்காரச் சொல்வது, திண்ணையிலா, உள்ளேயா?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. அந்தப் பொங்கலுக்குத் துறைமுகத்தில் வேலை மிகுதி என்று பேரன் ஊருக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு என் தந்தையார் இல்லை.